பளபளக்காத பச்சை

கோகிலவாணிக்குத் தன் ஓரகத்தி சுசித்ராவின் கையெழுத்தைக் கண்டாலே ஆகாது. கோடு போடாத தாளில்கூடக் கோடு போட்டதுபோல முத்து முத்தாக எழுதுவாள் அவள். பட்டறைச் சுவரோரம் இருந்த வாளிகளுக்கெல்லாம் வெள்ளைத் தாளில் பெயர் எழுதி ஒட்டியது கல்யாணமாகி வந்த மூன்றாவது மாதம். அதற்கு முன் பத்து வருஷம், எந்த வாளியில் என்ன மாவு இருக்கிறது என்பது கோகிலவாணிக்கு மட்டும்தான் தெரியும். "அண்ணி, இதுல என்னாங்க?" என்று கொழுந்தன் குருவும், "ஏய், அந்த வெள்ளைக்கல்லு மாவு எதுல கீது?" என்று புருஷன் அருள்குமாரும் அவளைத்தான் கேட்டாக வேண்டும். இப்போது யாரும் கேட்பதில்லை. வாளியே சொல்லிவிடுகிறது.

காரிமங்கலத்தை விட்டு இரண்டு மைல் தள்ளி, அவரைக் காட்டுக்கும் புளியமரங்களுக்கும் நடுவில் இருந்தது அவர்களுடைய தகரக் கொட்டகை. நிலக்கடலையும் ராகியும் மானம் பார்த்து விளைந்த மேட்டு நிலம். அருள்குமார் பத்தொன்பது வயதில் பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பட்டறைக்கு மண் மிதிக்கப் போய், எட்டு வருஷம் கழித்துச் சக்கரம் சுற்றத் தெரிந்தவனாகத் திரும்பி வந்தான். வந்தவன் கேஸ் சூளை ஒன்றைக் கட்டினான். சந்தையில் விற்கிற சட்டி பானை இல்லை அவன் செய்வது. ஆயிரத்து இருநூற்று எண்பது டிகிரியில் வெந்து கல்லாகிப் போகிற தட்டும் கோப்பையும். எல்லாம் பெங்களூர் ஓட்டல்களுக்குப் போயின. பிறகு குருவும் சக்கரத்தில் உட்கார்ந்தான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வனைவார்கள். வனைந்ததன் மேல் பூசுகிற கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடியாகப் படிகிற அந்தப் பூச்சு, கோகிலவாணியின் பாடு.

பாண்டிச்சேரியிலிருந்து அருள்குமார் நாலே நாலு பக்குவம்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தான். மிச்சத்தையெல்லாம் பத்தாவது படித்த கோகிலவாணி தன் கையால் கண்டுபிடித்தாள். நெடுஞ்சாலையோரத்து கிரானைட் பட்டறையில் அறுக்கும்போது ஓடிவருகிற சேற்றைக் காய வைத்துச் சலித்தால் நல்ல பழுப்பு வரும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அதைப் பற்றி யாராவது எழுதி ஒட்டினார்களா? இல்லை. அவளுக்கு அதுவரை குறையும் இல்லை. சுசித்ரா வருகிற வரைக்கும் குறை என்பது என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

சுசித்ராவுக்கு ஊர் கடத்தூர். வேதியியல் பி.எஸ்ஸி. இருபத்து நாலு வயசு. பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பாள், களி கிண்டத் தெரியும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாத மனுஷியோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தை மாசம் காவியா வந்தாள். பெங்களூரில் புதிதாகத் திறக்கப்போகிற ஓட்டலுக்குப் பாத்திரம் வாங்குகிறவள். கன்னடமும் தமிழும் கலந்து கட்டிப் பேசுவாள்.

"ராகி முத்தே ஓட்டல் அக்கா. உங்க களிதான். கருப்பா உருண்டையா களி, பக்கத்துல கீரை. தட்டு ஹசிரு கலர் வேணும். ஆனா ஷைன் பேடா, மினுக்கவே கூடாது. களி கண்ணுக்குத் தெரியணும், தட்டு கண்ணைக் குத்தக் கூடாது. உகாதிக்கு ஓப்பனிங்."

ஹசிரு என்றால் பச்சை என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோகிலவாணி உள்ளே போய், அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்த சின்னத் தட்டு ஒன்றை எடுத்து வந்தாள். செம்பு போட்டு ஆசைக்குச் செய்து பார்த்தது. கொய்யா இலையின் நிறம், துளி மினுக்கம் கிடையாது. காவியா அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதுதான் அக்கா! இதேதான். தும்பா சென்னாகிதே!"

நூற்றறுபது தட்டுக்கு ஆர்டர். கோகிலவாணிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. மகள் வெண்மதியைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடப் பையை இறக்கக்கூட விடாமல் அந்தத் தட்டைக் காட்டினாள். அந்தச் சந்தோஷம் அஞ்சு நாள் இருந்தது.

ஆறாம் நாள் சுசித்ரா தட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதுல செம்பு எம்மாம் போட்டீங்க?"

"ரெண்டு கரண்டி. ஏன்?"

"இல்லீங்க... ஷைன் இல்லாத கிளேஸுல செம்பு சரியா அடங்காதுன்னு சொல்லுவாங்க. புளி கிளி பட்டா வெளிய வந்துடுமாம். ஒருவாட்டி வச்சிப் பாத்துடலாங்களா?"

"பாரேன். நானா வேணாங்கறன்?"

வெளியே புளியமரத்தடியில் பெண்கள் புதுப்புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். சுசித்ரா போய் ஒரு உருண்டை வாங்கி வந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து தட்டின் நடுவில் வைத்து மூடினாள். மறுநாள் கழுவியபோது புளி இருந்த இடம் வட்டமாக வெளுத்துப் போயிருந்தது. அருள்குமார் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"அப்ப இந்தச் செம்பெல்லாம் திங்கறவன் வவுத்துக்குள்ள போவுமா?"

"ஆமாங்க மாமா. அத்தன பேரு சாப்புடற எடம். குடுக்கக் கூடாதுங்க."

"நல்ல வேளம்மா, நீ இருந்த" என்றான் அருள்குமார்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காலையில் டீ நல்லாயிருக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். கோகிலவாணிக்கு அந்த நாலு வார்த்தை நெஞ்சில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. அடுப்படிக்குப் போய் அவரைக்கொட்டைக் குழம்பைக் கிளறிக்கொண்டே கத்தினாள்.

"பத்து வருசமா நான் பூசுன தட்டுல தின்னு எவன் செத்தான்? எவனையாச்சும் கூட்டிக்கினு வா!"

"ஏய், ஒன்ன யாரு என்னா சொன்னா இப்ப?"

"ஒண்ணும் சொல்லல. யாரும் ஒண்ணும் சொல்றதில்லியே. அதத்தான் நானும் சொல்றன்."

சுசித்ரா பச்சையை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அருள்குமாரே எடுத்துக் கொடுத்தான். செம்பு வேண்டாம், குரோம் போடலாம் என்றாள் அவள். சேலத்து வெள்ளைக்கல் மாவை இன்னும் கூட்டினால் மினுக்கம் அடங்கும் என்றாள். நோட்டில் கட்டம் கட்டி, போனில் கணக்குப் போட்டு, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று வாங்கி வைத்துக் கிராம் கிராமாக நிறுத்தாள். விரல் நீளத்துக்கு மண் வில்லைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கலவையைப் பூசி, அடியில் ஜி-1, ஜி-2 என்று எழுதினாள். வழக்கமான வெள்ளைத் தட்டுகள் வேகும்போதெல்லாம் சூளையின் கீழ்த்தட்டு மூலையில் அந்த வில்லைகளும் வெந்தன. வெள்ளைக்கல்லை அரைத்து வடிகட்டிக் கொடுத்தது கோகிலவாணிதான். கை வலிக்க வலிக்க அரைத்தாள். அரைத்த மாவை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க்கா" என்பாள் சுசித்ரா. அந்த தேங்க்ஸையும் அவள் வாயிலேயே திருப்பித் திணிக்க வேண்டும்போல இருக்கும் இவளுக்கு.

வில்லைகள் ஒவ்வொன்றாகத் தேறி வந்தன. ஒன்று சேற்றுப் பச்சை, ஒன்று மிலிட்டரி ஜீப் பச்சை. எல்லாமே மினுக்கமில்லாமல்தான் வந்தன, நிறம்தான் தள்ளித் தள்ளிப் போயிற்று. மாசி பிறந்தபோது பதினேழாவது வில்லை வந்தது.

யாரும் இல்லாத நேரம் பார்த்து கோகிலவாணி அதை எடுத்துத் தடவிப் பார்த்தாள். அவரை இலையின் அடிப்பக்கம் இருக்குமே, அந்தப் பச்சை. விரலுக்கு வெண்ணெய் போல இருந்தது. புளி வைத்தார்கள், ஒரு பொட்டுகூட மாறவில்லை. நன்றாக இருந்தது. அதுதான் வினை. கெட்டதாக வந்திருந்தால் கோகிலவாணியே முன்னால் நின்று, "பரவால்ல வுடு கண்ணு, அடுத்தவாட்டி பாத்துக்கலாம்" என்று தலையைத் தடவியிருப்பாள்.

சாயங்காலம் வெண்மதி அந்த வில்லையைப் போட்டோ பிடித்து, அப்பாவின் போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். 'எங்க சித்தி கண்டுபுடிச்ச கலர்.' கீழே நாலு பச்சை இதயம் வேறு. பெற்ற மகள்.

"ஏண்டி, அந்த மாவ அரச்சது யாரு?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"ஐயோம்மா, அரைக்கறதெல்லாமா போடுவாங்க?" என்றது பிள்ளை.

நூற்றறுபது தட்டும் வனைந்து, காய்ந்து, ஒரு சூடு வெந்து, பச்சைப் பூச்சில் முக்கி எடுத்துச் சூளையில் அடுக்கி முடிக்க மாசி பாதிக்கு மேல் ஓடிவிட்டது. சூளை பற்ற வைத்த நாள் காரிமங்கலத்தில் சந்தை. விடிகாலை நாலு மணிக்கு அருள்குமாரும் குருவும் பர்னரைப் பற்ற வைத்தார்கள். பனி விலகி, வெயில் ஏறி, தகரம் முறுமுறுக்கிற பகல் முழுக்க நெருப்பு சீறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு, உள்ளே அடையாளத்துக்கு நிறுத்தியிருந்த சின்னக் கூம்பு தலை சாய்ந்ததை ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு, குரு கேஸை நிறுத்தினான்.

அதற்குப் பிறகு சூளையை மூடுவது கோகிலவாணியின் வேலை. வேலை என்று யாரும் அதைச் சொன்னதில்லை. ஆண்கள் குளிக்கப் போய்விடுவார்கள், யாராவது மூடத்தானே வேண்டும். புகைபோக்கியின் இரும்புத் தட்டை உள்ளே தள்ளுவாள். கீழே இருக்கிற ஆறு பர்னர் ஓட்டையிலும் சூடு தாங்குகிற பஞ்சை அடைப்பாள், மேலே ஈர மண்ணை வழித்துப் பூசுவாள். தரையில் ஒருக்களித்துப் படுத்துத்தான் அடைக்க முடியும். அனலில் அவளுடைய வலது முழங்கைக்குக் கீழே மயிர் முளைத்தே வருஷக்கணக்காகிறது. அப்படி மூடினால் சூளை இரண்டு நாள் ஆற அமர ஆறும்.

வெண்மதி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை, காய்ச்சலில் பிள்ளை கதறுகிறதே என்று ஒரு ஓட்டையை அடைக்காமல் ஓடிவிட்டாள். திறந்தபோது அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த தட்டெல்லாம் எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தன. மற்றவை எப்போதும்போல மங்கலாக இருந்தன. காற்று புகுந்து சீக்கிரம் ஆறினால் மினுக்கிவிடும் என்று அவளாகப் புரிந்துகொண்டாள். யாரும் கேட்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் குனிகிற நேரத்தில் அருள்குமாரின் போன் அடித்தது. காவியா. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏனாய்த்து சார்? வெந்துச்சா? அந்தப் பச்சை யாரு பண்ணது சார், எங்க ஓனர் கேக்கறாரு."

"எங்க தம்பி பொஞ்சாதிங்க. கெமிஸ்ட்ரி படிச்ச புள்ள. எல்லாம் அதுங்க மூளதான்."

"நீங்கெல்லாம்?"

அருள்குமார் சிரித்தான். "நாங்க மண்ணு மெதிக்கிற ஆளுங்க. எங்க வூட்டுல அது இதுன்னு கூடமாட எடுத்துக் குடுக்கும்."

கூடமாட.

போன் பேசிக்கொண்டே அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனான். குரு அதற்கு முன்பே கட்டிலில் விழுந்து குறட்டை விட ஆரம்பித்திருந்தான். சுசித்ரா ஸ்கூட்டியை வெளியே தள்ளினாள்.

"அக்கா, நான் சந்தைக்குப் போயி காய் வாங்கிக்கினு வந்துடறன். நீங்க மூடிடுவீங்களே?"

"ம்" என்றாள் கோகிலவாணி.

ஸ்கூட்டி சத்தம் மறைந்தது. கோகிலவாணி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். பஞ்சு மடியில் இருந்தது. புகைபோக்கித் தட்டு திறந்தபடி, ஆறு ஓட்டையும் திறந்தபடி. சூளை ஊவென்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த மீட்டரில் சிவப்பு எண் இறங்கியது. ஆயிரத்து இருநூறு. கொஞ்ச நேரத்தில் ஆயிரத்து நூறு. எழுந்து மூடலாம். எழுந்திருக்கவில்லை. ஆயிரம். வழக்கமாக இந்த எண்ணைப் பார்க்க ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். கூடமாட என்ற வார்த்தையை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல உடம்பு உட்கார்ந்த இடத்திலேயே கெட்டிப்பட்டது.

குருவுக்கு விழிப்பு வரவில்லை. குளித்துவிட்டு வந்த அருள்குமாரும் இரண்டு உருண்டை களியை விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டான். எண் தொள்ளாயிரத்துக்குக் கீழே போனதும்தான் அவளுக்குப் பயம் வந்தது. இதற்கு மேல் விட்டால் தட்டெல்லாம் விரிசல் விடும். தட்டு உடையக் கூடாது, அண்ணன் தம்பி முதுகு ஒடிய வனைந்தது. பச்சைதான் கெட வேண்டும். மளமளவென்று புகைபோக்கித் தட்டைத் தள்ளினாள், பஞ்சை அடைத்தாள், மண்ணைப் பூசினாள். அப்போது மணி ஆறரை.

சுசித்ரா வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக மூடியிருந்தது. பையிலிருந்து எண்ணெய் ஊறிய பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"போண்டா போட்டுக்கினு இருந்தாங்க. ஒங்களுக்குப் புடிக்குமேன்னு வாங்கியாந்தன்."

அந்தப் போண்டா அவளுக்குத் தொண்டையில் இறங்கியதா என்றால், இறங்கியது. மத்தியானம் சாப்பிடாத பசி.

மூன்றாம் நாள் காலையில் சூளைக் கதவை அருள்குமார் திறந்தான். வெயில் நேராக உள்ளே போய் விழுந்தது, விழுந்த வேகத்தில் திரும்பி எல்லோர் கண்ணிலும் அடித்தது. நூற்றறுபது தட்டும் குளியலறைச் சுவரில் ஒட்டுகிற டைல்ஸ் போலப் பளபளவென்று மின்னின.

"இன்னாடா இது?" என்றான் அருள்குமார்.

குரு ஒரு தட்டை எடுத்துத் திருப்பினான். தன் முகம் அதில் தெரிவதைப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தான். சுசித்ரா மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசை வரைக்கும் ஒவ்வொரு தட்டாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். கடைசித் தட்டில் கை நின்றது.

"மாமா, நிறுக்கறதுல நான் எங்கியோ தப்பு பண்ணிட்டங்க" என்றாள்.

கோகிலவாணி சந்தோஷப்பட்டாளா? பட்டாள். பொய் சொல்வானேன். குடத்தில் தண்ணீர் சேந்தும்போது ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தாள். அந்தச் சந்தோஷம் மத்தியானச் சோறு வரைக்கும் தாங்கியது. சோற்றுக்குக் கூப்பிட்டபோது சுசித்ரா வரவில்லை. வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நோட்டை வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலமும் போட்டாள். மறுநாளும் போட்டாள். நாலாவது தடவையும் அதே விடை வந்ததும் நோட்டை மூடிவிட்டுக் காவியாவுக்கு அவளே போன் செய்தாள்.

"தப்பு என்னோடதுங்க மேடம். எங்க மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

உகாதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அதற்குள் வராவிட்டால் கம்பெனித் தட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று காவியா சொல்லிவிட்டாள். அன்று சாப்பிடும்போது குரு களியைப் பிட்டுக் குழம்பில் புரட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணா, ஓசூர்ல மாமன் ஒருத்தரு கம்பெனி வேல இருக்குது வாடான்னு ஒரு வருசமா கூப்புட்டுக்கினே இருக்காரு."

"அதுக்கு?"

"ரெண்டு குடும்பமும் ஒரே சூளைய நம்பிக்கினு... இதுவும் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்கிப் போறங்குது. இனிமே கிளேஸத் தொட மாட்டன்னுது."

அருள்குமார் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தம்பி போய்விட்டால் ஒரு சக்கரம் நிற்கும். ஒற்றை ஆள் வனைந்து பெங்களூருக்கு அனுப்ப முடியாது. அவனுக்கு அது தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

"எப்ப?" என்று மட்டும் கேட்டான்.

"வெள்ளிக்கெழம."

கோகிலவாணி வேண்டியதெல்லாம் ஒரே தட்டில் வந்து சேர்ந்துவிட்டது. சுசித்ரா போகிறாள். வாளிகள் திரும்பக் கிடைக்கும். அருள்குமார்கூட அன்று படுக்கப் போகும் முன், "நீயே பழைய வெள்ளைய எதயாச்சும் பூசிப் பாரேன். அந்தம்மாகிட்டக் கேட்டுப் பாக்கறன்" என்றான். அவளைத்தான் கேட்டான். கேட்டும் அவளுக்குச் சோறு செரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை சுசித்ரா பட்டறையில் தன் சாமான்களை ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். தராசு, நோட்டு, இரண்டு புத்தகம். ஆண்கள் இருவரும் வெளியே பளபளத்த தட்டுகளை வைக்கோல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கட்டையில் அந்தப் பதினேழு வில்லைகளும் வரிசையாக இருந்தன. கோகிலவாணி உள்ளே வந்து சும்மா நின்றாள்.

"இதையெல்லாம் எடுத்துக்கினு போவலியா?"

"எதுக்குங்க அது? தூக்கிப் போட்டுடுங்க. தப்பான கணக்கு."

"தப்பான கணக்குன்னா பதினேழும் எப்பிடி மினுக்காம வந்துச்சி?"

"அதாங்க்கா புரியல. யோசிச்சி யோசிச்சித் தலையே வலிக்குது. ஏதோ அதிர்ஷ்டத்துல வந்திருக்குது, அவ்ளோதான்."

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. அதிர்ஷ்டமா? தரையில் படுத்து, கை வெந்து, புகை கண்ணில் ஏற ஏற ஆறு ஓட்டையும் அடைத்தாளே, அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா? அந்தப் பதினேழு வில்லையும் அவள் மூடிய சூளையில் ஆறியவை. பாதிப் பச்சை அவளுடையது. இவள் போய்விட்டால் இது யாருக்கும் தெரியாது. புருஷனுக்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு இவள் கடைசிவரைக்கும் அதிர்ஷ்டம் என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். மனசு இளகி உண்மையைச் சொன்னாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொறுக்க முடியாமல்தான் சொன்னாள்.

"அதிர்ஷ்டமும் இல்ல, கிதிர்ஷ்டமும் இல்ல. நான்."

"என்னாங்க?"

"சூளைய மூடுனது நான். மெதுவா ஆறுனாத்தான் அது மங்கும். சட்டுனு ஆறுனா மினுக்கிடும். எனக்குப் பத்து வருசமாத் தெரியும். ஒன் கணக்குல ஒரு தப்பும் கெடையாது. அன்னிக்கி நான் மூடல."

சுசித்ராவின் கை சாக்குக்குள்ளேயே நின்றது. "மறந்துட்டீங்களா?"

"மறக்கல. ஒக்காந்து பாத்துக்கினே இருந்தன்."

"ஏங்க்கா?"

"ஏன்னா, நீ இந்த வூட்டுக்கு வந்ததுலருந்து எனக்கு வவுறு எரியுது. போதுமா? என் வாளி, என் அலமாரி, என் புருசன் வாயில நல்ல வார்த்த, நான் பெத்தது கூட சித்தி சித்தின்னு. பொறாம. கெடுத்தன். அந்தப் பச்சையில பாதி என்துடி. அது ஒனக்குத் தெரிஞ்சாவணும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. இப்போது கூச்சல் போடுவாள், வெளியே ஓடி எல்லோரையும் கூப்பிடுவாள் என்று கோகிலவாணி காத்திருந்தாள். அதற்குப் பதில் சொல்லத் தயாராகவும் இருந்தாள். சுசித்ராவின் முகத்தில் ரத்தம் ஏறியது. பிறகு அவள் சாக்கைத் துழாவி நோட்டை வெளியே எடுத்தாள்.

"எத்தன மணியிலருந்து தொறந்திருந்துச்சி?"

"என்னாது?"

"எத்தன மணியிலருந்துங்க?"

"நாலு."

"எல்லா ஓட்டையுமா? மேல தட்டும்?"

"எல்லாந்தான். ஏண்டி, நான் என்னா சொல்லிக்கினு இருக்கறன், நீ என்னா கேக்கற? ஒனக்குக் கோவம் வரலியா? என்னத் திட்டலியா?"

"திட்டறன். மொதல்ல நம்பரச் சொல்லுங்க. எத்தன டிகிரில மூடுனீங்க?"

"எண்ணூத்தித் தொண்ணூறு" என்றாள் கோகிலவாணி. அந்த எண் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

சுசித்ரா அதை எழுதினாள். அடியில் கோடு போட்டாள். ஏதோ கூட்டிக் கழித்தாள். தலையை நிமிர்த்தாமலே, "அப்ப அதே தட்டத் திரும்பச் சுட்டு மெதுவா ஆற வுட்டா மங்கிடும். கட்டறத நிறுத்தச் சொல்லணும். இன்னிக்கே அடுக்குனா உகாதிக்கு ஆவும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேனாவை மூடினாள். நோட்டை ஜன்னல் கட்டையில் வைத்தாள். எழுந்து நின்றாள்.

பிறகு திட்டினாள்.

வெளியே வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்கிற அளவுக்குத் திட்டினாள். பதினெட்டு மாசமாக ஒரு பேச்சுக்கு நூறு தரம் அக்கா அக்கா என்றவள், அதில் ஒரு இடத்தில்கூட அக்கா என்று சொல்லவில்லை. மெதுவாக ஆறினால் மங்குகிற பச்சையை, வேண்டுமென்றே சூளையை மூடாமல் கெடுத்ததைச் சொன்னாள். தான் சாப்பிடாமல் கிடந்த இரண்டு நாளைச் சொன்னாள். காவியாவிடம் தான் ஏற்றுக்கொண்ட பழியைச் சொன்னாள். குரு ஓசூரில் போய் மிஷினுக்கு எண்ணெய் விடக் கிளம்பியதைச் சொன்னாள். "இனிமே சூளைய நான்தான் மூடுவன். எப்பிடி மூடறதுன்னு ஒருவாட்டி காட்டுங்க, கத்துக்கறன். அதுக்கப்பறம் நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது" என்று முடித்தாள்.

அருள்குமார் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். பாதிப் பச்சை கோகிலவாணியுடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த அதே மூச்சில் அது கையை விட்டுப் போயும் விட்டது. எதை முதலில் சொல்ல வேண்டுமோ அதை முதலில் சொல்லி, எதைக் கடைசியில் வைக்க வேண்டுமோ அதைக் கடைசியில் வைத்து, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எப்படித் திட்டிவிட்டாள் இந்தப் பெண் என்று, அந்த நேரத்திலும் அவளுக்கு வயிறு எரிந்தது.